கேட்ட கேள்வியும் கிடைத்த பதிலும்

1985-இல் லண்டன் ராயல் சொசைட்டி ஓர் அறிக்கை வெளியிட்டது. மரபியலாளர் வால்டர் பாட்மர் தலைமையிலான குழு எழுதியது. பொதுமக்களுக்கு அறிவியல் போதிய அளவு புரியவில்லை, புரியவைப்பது விஞ்ஞானிகளின் கடமை என்பது அதன் சாரம். நல்லெண்ணத்தில் பிறந்த அறிக்கை. ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்து பேசுவதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்த பலரை அது மேடையேற்றியது. ஆனால் அதன் அடியில் ஓர் அனுமானம் இருந்தது: மக்கள் சந்தேகப்படுவது தெரியாமையால், தெரியவைத்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும். பின்னால் வந்த ஆய்வாளர்கள் இதற்குப் 'பற்றாக்குறை மாதிரி' என்று பெயர் வைத்தார்கள். அறிவியல் தொடர்பியல் என்று இன்று ஒரு துறை இருக்கிறது. இந்த அனுமானத்தோடு அது நடத்திவரும் நாற்பதாண்டு வழக்குதான் அதன் வரலாறு.

அறிக்கை வந்த மறு ஆண்டே சோதனையும் வந்தது. 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தது. மே முதல் வாரத்தில் பெய்த கனமழை, காற்றில் வந்த சீசியத்தை வடமேற்கு இங்கிலாந்தின் கம்பிரியா மலைச் சரிவுகளில் இறக்கியது. தலைமுறை தலைமுறையாகச் செம்மறி மேய்ப்பவர்களின் நிலம் அது. கவலைப்பட ஏதுமில்லை என்றது அரசு. ஜூன் 20 அன்று அதே அரசு, அந்தப் பகுதி ஆடுகளை விற்கவும் வெட்டவும் தடை விதித்தது. மூன்று வாரத்தில் விலக்கிக்கொள்வோம் என்றும் சொன்னது. மூன்று வாரம் கழிந்தபோது தடை காலவரையின்றி நீண்டது. கடைசிப் பண்ணைகளுக்குத் தடை நீங்கியது 2012-இல்.

கணக்கு எங்கே பிசகியது? சீசியம் மண்ணில் இறங்கினால் களிமண் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், புல்லுக்குள் ஏறாது என்று விஞ்ஞானிகள் எதிர்பார்த்தார்கள். சமவெளிக் களிமண்ணில் அது உண்மை. கம்பிரியா மலைமண்ணோ அமிலம் மிகுந்த கரிமண். அதில் சீசியம் தங்காமல் வேர்வழியே புல்லுக்கு ஏறியது. ஆடு தின்றது, கழித்தது, மறுபடி மண்ணுக்குப் போனது, மறுபடி புல்லுக்கு வந்தது.

லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் பிரையன் வின் அந்த விவசாயிகளிடம் நீண்ட நேர்காணல்கள் எடுத்தார். இந்தத் துறையில் ஒரே ஓர் ஆய்வைத்தான் படிக்க முடியும் என்றால் நான் அதைத்தான் படிக்கச் சொல்வேன். பென்டனைட் என்ற களிமண் தூள் சீசியத்தைக் கட்டிப்போடுமா என்று பார்க்க, விஞ்ஞானிகள் மலையில் சில துண்டு நிலங்களுக்கு வேலி போட்டு ஆடுகளை அடைத்தார்கள். திறந்த மலையில் திரிந்து பழகிய ஆடு வேலிக்குள் தேறாது, உடல் வற்றும், வரும் அளவுகளுக்கு அர்த்தமிருக்காது என்றார்கள் விவசாயிகள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு அந்தச் சோதனை சத்தமில்லாமல் கைவிடப்பட்டது. ஆடுகளைப் பள்ளத்தாக்குப் புல்வெளியிலேயே வைத்திருங்கள் என்று ஆலோசனை வந்தது. அந்தப் புல் தீர்ந்தால் குளிர்காலத்துக்குத் தீவனம் கிடையாது என்பதை ஆலோசனை சொன்னவர்கள் அறியவில்லை. அளவெடுக்க வந்தவர்களின் கருவி ஒரே வயலில் பத்தடிக்குப் பத்தடி வேறு எண் காட்டுவதை விவசாயிகள் கூடவே நின்று பார்த்தார்கள். வெளியான அறிக்கையில் அந்த ஏற்ற இறக்கம் இல்லை, ஒற்றை எண்தான் இருந்தது.

இன்னொன்றும் இருந்தது. அந்த மலைகளுக்கு அருகில்தான் செல்லாஃபீல்டு அணு வளாகம். விண்ட்ஸ்கேல் என்ற பழைய பெயரில் அது இயங்கியபோது, 1957 அக்டோபரில் அதன் உலை தீப்பிடித்தது; அப்போது அரசு பலவற்றை மறைத்தது. 'எங்கள் மண்ணில் இருப்பது முழுக்க செர்னோபிலில் இருந்து வந்ததுதானா?' என்று விவசாயிகள் கேட்டார்கள். கேட்டது மூடத்தனம் இல்லை. பழைய அணுகுண்டுச் சோதனைகளும் விண்ட்ஸ்கேல் விபத்தும் விட்டுச்சென்ற பங்கும் அதில் உண்டு என்பது பின்னால் ஒப்புக்கொள்ளப்பட்டது.

அந்த விவசாயிகளுக்கு இயற்பியலில் பற்றாக்குறை இருந்தது உண்மை. விஞ்ஞானிகளுக்கு ஆட்டைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் இருந்த பற்றாக்குறை அதைவிடப் பெரிது. அதை அளக்க யாரும் குழு அமைக்கவில்லை.

பிரிட்டன் இந்தப் பாடத்தை இன்னொரு முறையும் படிக்க வேண்டியிருந்தது. பைத்தியப் பசு நோய் பரவிக்கொண்டிருந்த 1990-இல் விவசாய அமைச்சர் ஜான் கம்மர், மாட்டிறைச்சி பாதுகாப்பானது என்று காட்ட, கேமராக்களுக்கு முன் தன் சிறு மகளுக்கு பர்கர் ஊட்ட முயன்றார். 1996 மார்ச்சில் அதே அரசு நாடாளுமன்றத்தில் எழுந்து, அந்த நோய் மனிதர்களுக்கும் வந்திருக்கக்கூடும் என்றது. மக்கள் பீதியடைவார்கள் என்று பயந்து தந்த உறுதிமொழிதான் பின்னாளில் எந்த உறுதிமொழியையும் நம்பாத மக்களை உருவாக்கியது. 1998-இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு பன்னிரண்டு குழந்தைகளை மட்டும் வைத்து, எம்.எம்.ஆர். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போடும் கட்டுரையை லான்செட் இதழில் வெளியிட்டபோது, 'ஆபத்தில்லை' என்று அரசு சொன்னது பெற்றோர் பலர் காதில் ஏறவில்லை. இந்த முறை அரசு சொன்னது உண்மை. கட்டுரை 2010-இல் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன.

இத்தாலியின் லாக்விலா வழக்கை உலகப் பத்திரிகைகள் தவறாகவே சொல்லிவந்தன. 2012-இல் ஆறு விஞ்ஞானிகளும் ஓர் அதிகாரியும் தண்டிக்கப்பட்டபோது, 'நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்லாததற்குச் சிறை' என்று தலைப்பு வைத்தார்கள். வழக்கு அதைப் பற்றியதல்ல. 2009-இன் தொடக்கத்திலிருந்தே அந்த ஊரில் சிறு நடுக்கங்கள் இருந்தன. நிலம் ஆடினால் வீட்டைவிட்டு வெளியேறி இரவைத் திறந்தவெளியில் கழிப்பது அங்கே பாட்டன் காலத்து வழக்கம். மார்ச் 31 அன்று நிபுணர் குழு கூடியது. சிறு நடுக்கங்கள் சக்தியை வெளியேற்றிவிடுவதால் நிலைமை சாதகம்தான் என்று குடிமைப் பாதுகாப்புத் துறையின் துணைத் தலைவர் தொலைக்காட்சியில் சொன்னார். ஒரு கோப்பை வைன் குடித்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமா என்ற கேள்விக்கும் ஆமாம் என்றார். அறிவியல்படி அது தவறான கூற்று. ஏப்ரல் 6 அதிகாலை 3.32-க்குப் பெரிய நடுக்கம் வந்தது. 309 பேர் இறந்தார்கள். வழக்கமாக வெளியே போயிருப்போம், அன்று நம்பி வீட்டிலேயே தங்கினோம் என்று உறவினரை இழந்தவர்கள் சாட்சி சொன்னார்கள். 2014-இல் மேல்முறையீட்டில் விஞ்ஞானிகள் ஆறு பேரும் விடுதலையானார்கள். அதிகாரிக்குத் தண்டனை குறைந்தது. சட்டத்தின் முடிவு அது. 'எங்களுக்குத் தெரியாது, வழக்கம்போல் எச்சரிக்கையாக இருங்கள்' என்ற ஒரு வாக்கியத்தை அந்தக் குழுவில் யாராவது ஒருவர் மக்களிடம் சொல்லியிருக்கலாம் என்ற என் வருத்தம் அதனால் தீரவில்லை.

உளவியலாளர்கள் இந்தத் துறைக்குள் நுழைந்த பிறகு சித்திரம் இன்னும் சிக்கலானது. அமெரிக்காவில் டான் கஹான் குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பருவநிலை மாற்றம் குறித்த கருத்துப் பிளவு, அறிவியலும் கணக்கும் நன்றாகத் தெரிந்தவர்களிடையேதான் அதிகம். படித்தவர் தன் கூட்டத்தின் நிலைப்பாட்டைத் தற்காத்துக்கொள்ள இன்னும் திறமையாக வாதாடுகிறார். திருத்தம் சொன்னால் தவறான நம்பிக்கை இன்னும் இறுகும் என்று 2010-இல் வந்த ஆய்வு ஒன்று பெரும் பரபரப்பை உண்டாக்கியது. பின்னர் பெரிய அளவில் சோதித்தபோது அது பெரும்பாலும் நிகழவில்லை. சொன்னால் மக்கள் ஓரளவு கேட்கத்தான் செய்கிறார்கள். இந்தத் திருத்தம் முதல் செய்தியின் அளவுக்குப் பரவவில்லை.

சந்தேகம் எல்லாமே கம்பிரியா விவசாயியின் சந்தேகம் போன்றது என்று சொல்லிவிடவும் கூடாது. 1969-இல் அமெரிக்கப் புகையிலை நிறுவனம் ஒன்றின் உள்குறிப்பு, தாங்கள் விற்கும் சரக்கே சந்தேகம்தான் என்று வெளிப்படையாக எழுதியது. அதே ஆலோசகர்கள், அதே உத்திகளோடு, அமில மழையிலிருந்து பருவநிலை வரை வந்த கதையை நவோமி ஒரெஸ்கஸும் எரிக் கான்வேயும் 2010-இல் நூலாக்கினார்கள். அந்தச் சந்தேகத்துக்கு முதலீடு உண்டு, சம்பளம் உண்டு. அதை விலைக்கு வாங்கியவரையும், தன் அனுபவத்திலிருந்து கேள்வி எழுப்புபவரையும் ஒரே கூட்டத்தில் சேர்த்து 'அறிவியல் விரோதிகள்' என்று அழைப்பது சோம்பேறித்தனம். நம் ஊரில் அது அடிக்கடி நடக்கிறது.

கூடங்குளம் அணுமின் நிலைய விவகாரத்தில் நடந்தது. 2011-இல் ஃபுகுஷிமா அணு உலை விபத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த இடிந்தகரை மீனவர்கள் கேட்டவை: விபத்து நடந்தால் எங்களை எந்த வழியாக வெளியேற்றுவீர்கள், கடலில் விடும் வெந்நீர் மீனை என்ன செய்யும், கழிவு எங்கே போகும். முழுப் பாதுகாப்பு என்ற உத்தரவாதமும் வளர்ச்சித் திட்டங்களும் பதிலாக வந்தன. கூடவே ஆயிரக்கணக்கானோர்மீது தேசத்துரோக வழக்கு. 2012-இல் போராடும் மக்களுக்கு ஆலோசனை தர மனநல மருத்துவர்களை அணுகியிருப்பதாகவும் செய்தி வந்தது. பற்றாக்குறை மாதிரி போகக்கூடிய கடைசி எல்லை அதுதான்: கேள்வி கேட்பதே நோய்க்குறி ஆகிவிடுகிறது.

தேனியில் அமையவிருந்த நியூட்ரினோ ஆய்வகம் என்னை இன்னும் அதிகமாகப் பாதிக்கிறது, ஏனென்றால் அது வரவேண்டும் என்று விரும்பியவர்களில் நானும் ஒருவன். 1965-லேயே கோலார் தங்கவயலில் வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவுசெய்த நாடு இது. பொட்டிபுரம் அருகே அம்பரப்பர் மலையில் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து, 50,000 டன் இரும்பாலான உணர்கருவி வைப்பது திட்டம். 2015 தொடக்கத்தில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நியூட்ரினோ கதிர்வீச்சு ஆபத்து என்று மேடைகளில் பேசப்பட்டது அபத்தம். ஒவ்வொரு நொடியும் கோடானுகோடி நியூட்ரினோக்கள் நம் உடலுக்குள் புகுந்து போய்க்கொண்டிருக்கின்றன. விஞ்ஞானிகள் இந்த அபத்தத்துக்குப் பொறுமையாக, ஊர் ஊராகப் போய்ப் பதில் சொன்னார்கள். ஆனால் பொட்டிபுரத்துக்காரர்களிடம் வேறு கேள்விகளும் இருந்தன. பாறைக்கு வெடி வைத்தால் கிணறு என்ன ஆகும்? தோண்டிய கல்லை எங்கே கொட்டுவீர்கள்? தூசி எத்தனை வருஷம் பறக்கும்? மாடு மேயும் அடிவாரத்தை வேலி போட்டு அடைப்பீர்களா? இவை துகள் இயற்பியல் கேள்விகள் அல்ல. துகள் இயற்பியலாளர் எவ்வளவு அழகாகப் பேசினாலும் இவற்றுக்குப் பதில் ஆகாது.

இந்தக் கேள்விகளுக்கென்றே நம் சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது: சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையும் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும். அறிக்கை தயாரித்த நிறுவனத்துக்கு உரிய அங்கீகாரம் இல்லை என்று 2017-இல் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018-இல் இத்திட்டத்தைக் கட்டுமானப் பணி வகையில் வைத்து, கருத்துக்கேட்பு தேவைப்படாத வழியில் மீண்டும் அனுமதி தந்தது மத்திய அரசு. அந்த வழி அவர்களுக்கு ஒரு கூட்டத்தை மிச்சப்படுத்தியது. ஊரின் நம்பிக்கையைப் பெற இருந்த ஒரே முறையான வாய்ப்பும் அந்தக் கூட்டம்தான். 2022-இல் ஆய்வகத்தை அனுமதிக்க முடியாது என்று தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

தடுப்பூசிக் கதை வேறுமாதிரி, ஏனென்றால் தமிழ்நாடு அதில் பொதுவாக நம்பும் மாநிலம். 2017 பிப்ரவரி 6 அன்று தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும். ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அந்நியச் சதி என்ற பேச்சு சூடு ஆறாமல் இருந்தது. வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் பரவின. வீட்டிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஊசி போட்டுப் பழகிய பெற்றோர், பள்ளியில் தங்கள் கண்ணுக்கு மறைவாகப் போடப்போகிறார்கள் என்றதும் தயங்கினார்கள். 'ஏற்கெனவே போட்ட பிள்ளைக்கு மறுபடி எதற்கு?' என்ற நியாயமான கேள்விக்கு எளிய பதில் முன்கூட்டியே வீடு வந்து சேரவில்லை. வதந்தி முதலில் வந்து சேர்ந்தது. பிப்ரவரியில் முடியவேண்டிய முகாம் மார்ச்சுக்கு நீண்டது.

பிறகு 2021. ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக், மக்கள் தயக்கம் குறையட்டும் என்றே சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்குப் போய், எல்லோர் முன்னிலையிலும் கோவாக்சின் போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17-ஆம் தேதி அதிகாலை காலமானார். இதயக் குழாயில் அடைப்பு, தடுப்பூசிக்குத் தொடர்பில்லை என்று மருத்துவர்களும் அதிகாரிகளும் உடனே சொன்னார்கள். சொன்னது சரிதான். தேசியக் குழு ஒன்று அந்த அக்டோபரில் அதே முடிவுக்கு வந்தது. ஆனால் விசாரணை தொடங்கும் முன்பே முடிவு சொல்லப்பட்டதைத்தான் மக்கள் கவனித்தார்கள். லட்சக்கணக்கானோருக்கு ஊசி போடும்போது, ஊசியே இல்லாவிட்டாலும் மறுநாள் மாரடைப்பு வந்திருக்கக்கூடிய சிலர் அவர்களுக்குள் இருந்தே தீருவார்கள் என்பதையும், விசாரிக்க ஒரு குழு உண்டு, அதன் அறிக்கை வெளிவரும் என்பதையும் அன்றே சொல்லியிருக்கலாம்.

உண்மையை முழுதாகச் சொல்வதற்கு விலை இல்லை என்று நான் சொல்லவரவில்லை. தடுப்பூசியின் பாதகங்களை ஒளிக்காமல் சொன்னால் போட்டுக்கொள்ள முன்வருவோர் குறையலாம், ஆனால் சுகாதாரத் துறைமீது நம்பிக்கை கூடும் என்று டென்மார்க் ஆய்வாளர்கள் கொரோனா காலத்தில் கண்டார்கள். எண்ணோடு சேர்த்து அதன் நிச்சயமின்மையையும் சொன்னால் நம்பிக்கை மிகச் சிறிதளவே குறைகிறது என்று கேம்பிரிட்ஜ் ஆய்வு ஒன்று காட்டியது. இன்றைய முகாமுக்கு ஆள் சேர்ப்பதா, பத்து வருஷம் கழித்து வரும் முகாமுக்கு நம்பிக்கையைச் சேர்த்துவைப்பதா என்பது நிஜமான இழுபறி. நான் இரண்டாவதன் பக்கம் நிற்கிறேன்.

உத்தரப் பிரதேசத்தில் போலியோ சொட்டு மருந்துக்குக் கதவடைத்த குடும்பங்கள், மலட்டுத்தன்மை வதந்தியோடு இன்னொன்றையும் கேட்டன: சாக்கடை இல்லை, நல்ல தண்ணீர் இல்லை, வயிற்றுப்போக்குக்கு மருந்து இல்லை, இந்தச் சொட்டுக்கு மட்டும் ஏன் வாசல்வரை வருகிறீர்கள்? அந்தந்தத் தெருப் பெண்களையே பணியாளர்களாக்கி, உள்ளூர் மௌலவிகளோடு உட்கார்ந்து பேசி, சொட்டு மருந்தோடு மற்ற மருத்துவ உதவிகளையும் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் கதவுகள் திறந்தன. இந்தியாவில் காட்டுவகை வைரஸால் போலியோ வந்த கடைசி நோயாளி பதிவானது 2011 ஜனவரியில்.

நம் கிராமங்களில் இப்படி நம்பிக்கை சேர்க்கும் வேலையைத் தினமும் செய்கிறவர் சுகாதாரச் செவிலியர். புதன்கிழமை தடுப்பூசி நாள். 'ராத்திரி காய்ச்சல் அடிக்கும்மா, தொடை லேசா வீங்கும், பயப்படாதே, இந்த மருந்தைக் குடு, ரெண்டு நாள்ல இறங்கலைன்னா எனக்குப் போன் பண்ணு' என்பார். வரப்போகும் காய்ச்சலை முன்கூட்டியே சொல்லிவிடுவதால், இரவில் காய்ச்சல் வரும்போது அது அவர் சொல் பலித்ததற்குச் சாட்சியாகிறது. சொல்லாமல் விட்டிருந்தால் அதே காய்ச்சல் அவருக்கு எதிரான சாட்சி. தெரியாததைக் கேட்டால் 'டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன்' என்கிறார். அடுத்த புதன்கிழமை அதே தாய்மார்கள் முன் அவர் வந்து நின்றாக வேண்டும். 2021 ஏப்ரலில் 'விவேக் ஏன் செத்தார்?' என்று தெருவில் நிறுத்திக் கேட்டதும் இவர்களைத்தான். தேசியக் குழுவின் முடிவு வர அப்போது இன்னும் ஆறு மாதம் இருந்தது.