குஞ்சு அவங்களுது, கொட்டகை நம்மளுது: ஒரு ஒப்பந்தத்தை வாசித்த குறிப்பு

போன மாதம் கறம்பக்குடியிலிருந்து சித்தப்பா மகன் வாட்ஸப்பில் பதினொரு போட்டோ அனுப்பினான். ஒரு கறிக்கோழி நிறுவனத்தின் வளர்ப்பு ஒப்பந்தம். "அண்ணே, எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு. கையெழுத்துப் போடலாமான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா அடித்தபோது அவனுடைய தென்னையில் முக்கால்வாசி போய்விட்டது. மிச்சமிருக்கிற நிலத்தை வைத்துக் கடன் வாங்கி ஐயாயிரம் கோழிக்கு ஷெட் போடுவது திட்டம்.

முன்னாடியே சொல்லிவிடுகிறேன். நான் வக்கீல் இல்லை, பொருளியல் படித்தவனும் இல்லை. பி.இ. முடித்து இருபது வருடத்துக்கும் மேலாக மென்பொருள் எழுதுகிறவன். அதனால் எந்த ஆவணத்தைப் பார்த்தாலும் "இது நடக்காவிட்டால் என்ன ஆகும்?" என்றுதான் வாசிப்பேன். நல்லபடியாக நடக்கும் பாதையை எல்லாரும் எழுதிவிடுவார்கள். தவறும்போது என்ன நடக்கும் என்று எழுதியிருக்கிறதா என்பதில்தான் எழுதியவரின் நேர்மை தெரியும்.

இந்த ஏற்பாட்டின் அடிப்படை எளிமையானது. குஞ்சு, தீவனம், மருந்து, சூப்பர்வைசர் எல்லாம் நிறுவனத்துடையது. ஷெட், கரண்ட், தண்ணீர், ஆள் வேலை பண்ணைக்காரருடையது. நாற்பது, நாற்பத்தைந்து நாளில் கோழியை நிறுவனமே தூக்கிக்கொண்டு போகும். கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி வரும். தமிழ்நாட்டில் கொங்குப் பக்கம் ஆரம்பித்து மாநிலம் முழுக்கப் பரவிய முறை இது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். கறிக்கோழி விலை விழுந்தாலும், பறவைக் காய்ச்சல் பயத்தில் ஜனங்கள் கோழி வாங்காமல் போனாலும் வளர்ப்புக் கூலி கூலியாகவே இருக்கும். சந்தை விலையின் ஆபத்தை நிறுவனம் எடுத்துக்கொள்கிறது. கடலையோ தேங்காயோ போடுகிறவனுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. தேங்காய் விலை சரிந்தால் மரத்துக்காரன் தலையில்தான் விடியும். அதனால் "ஒப்பந்தம் என்றாலே சுரண்டல்" என்ற கட்சியில் நான் இல்லை. என் விமரிசனம், இந்த ஒப்பந்தம் எப்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது என்பது பற்றி.

முதல் கோளாறு காலக்கணக்கு. ஷெட் கடன் ஏழு வருடம். ஒப்பந்தம் ஒரு வருடம். அதையும் முப்பது நாள் நோட்டீஸில் நிறுவனம் முடித்துக்கொள்ளலாம். வருடத்துக்குக் குறைந்தது எத்தனை பேட்ச் குஞ்சு இறக்குவார்கள் என்று பதினொரு பக்கத்தில் எங்கேயும் இல்லை. வாய்வார்த்தையாக ஆறு என்றார்களாம். கோழி ஷெட்டை வேறு எதற்கும் உருப்படியாகப் பயன்படுத்த முடியாது. பக்கத்தில் இன்னொரு நிறுவனம் குஞ்சு தர வந்தால்தான் உண்டு. ஷெட் எழும்பும்வரை பேரம் இரண்டு பேருக்கும் சமம். எழும்பிய மறுநாள் ஒருவருக்கு மட்டும் அவசரம் வந்துவிடுகிறது. பொருளியலில் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். 2016இல் ஒப்பந்தக் கோட்பாட்டுக்காக ஆலிவர் ஹார்ட்டும் பெங்ட் ஹோம்ஸ்ட்ரோமும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஹார்ட் சொன்னதை என் பாஷையில் சொன்னால்: எந்த ஒப்பந்தத்திலும் எல்லாவற்றையும் எழுத முடியாது, எழுதாமல் விட்ட இடத்தில் முடிவெடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதுதான் விஷயம். நம் ஒப்பந்தத்தில் "நிறுவனத்தின் முடிவே இறுதியானது" என்ற பொருளில் வரும் இடங்களை எண்ணினேன். ஏழு.

இரண்டாவது கோளாறு அளவு. கூலி கிலோவுக்கு என்றாலும் அது நிலையான தொகை இல்லை. எஃப்.சி.ஆர். என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு கிலோ எடை ஏற எத்தனை கிலோ தீவனம் செலவானது என்பது. அது நிர்ணயித்த அளவைவிடக் கூடினால் கூலி குறையும். இறப்பு விகிதம் கூடினாலும் குறையும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சோம்பேறிக்கும் உழைப்பாளிக்கும் ஒரே கூலி கொடுக்க முடியாதே.

ஆனால் எஃப்.சி.ஆரை வைத்து அளப்பது உழைப்பை மட்டுமா? குஞ்சு நோஞ்சானாக வந்தால் கூடும். தீவனத்தின் தரம் குறைந்தால் கூடும். இரண்டையும் கொடுப்பது நிறுவனம். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன் (எண்கள் உதாரணத்துக்கு மட்டும்). ஐயாயிரம் கோழி, சராசரி இரண்டு கிலோ, மொத்தம் 10,000 கிலோ. தீவனம் 16,000 கிலோ, அதாவது ஐம்பது கிலோ மூட்டை 320. எஃப்.சி.ஆர். 1.6. இப்போது ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு கிலோ குறைகிறது என்று வையுங்கள். கோழி உண்மையில் தின்றது 15,680 கிலோ, ஏறிய எடை 9,800 கிலோ. பதிவேட்டில் தீவனம் 16,000தான். எஃப்.சி.ஆர். 1.63 ஆகிவிடும். தம்பி ஒரு தப்பும் செய்யவில்லை, ஆனால் கூலி குறைந்துவிட்டது. மூட்டையை எடை போட்டு வாங்கும் உரிமை ஒப்பந்தத்தில் உண்டா என்று தேடினேன். இல்லை.

இன்னொன்று, கோழி தூக்கும் நாள். சந்தை மந்தமாக இருந்தால் நிறுவனம் நாலு நாள் தள்ளிப்போடும். வயது ஏற ஏற கோழி தின்பது கூடும், அந்த அளவுக்கு எடை ஏறாது. எஃப்.சி.ஆர். கெடும். தாமதம் அவர்களுடையது, வெட்டு நம்முடையது. மேலே "சந்தை ஆபத்தை நிறுவனம் எடுத்துக்கொள்கிறது" என்று எழுதினேன் அல்லவா? அதில் ஒரு பங்கு இந்த வாசல் வழியாகத் திரும்பி உள்ளே வந்துவிடுகிறது.

அமெரிக்காவிலும் இதே தொழில், இதே தகராறு. அங்கே ஒரே வாரத்தில் கோழி கொடுத்த பண்ணைகளை வரிசைப்படுத்தி, சராசரிக்கு மேலே இருப்பவருக்குக் கூடுதலாகவும் கீழே இருப்பவருக்குக் குறைத்தும் கொடுக்கிறார்கள். வெயில் காலத்து இழப்பு எல்லாருக்கும் பொது என்பதால் அது கணக்கில் அடிபட்டுப் போகும். அது நல்ல யோசனை. ஆனால் நல்ல குஞ்சு யாருக்கு, நோஞ்சான் குஞ்சு யாருக்கு என்று பிரிக்கிற கை நிறுவனத்துடையது. நீண்ட சண்டைக்குப் பிறகு 2023 நவம்பரில் அந்நாட்டு வேளாண் துறை ஒரு விதி கொண்டுவந்தது. வருடத்துக்குக் குறைந்தது எத்தனை பேட்ச் தருவோம் என்பதை நிறுவனம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. தம்பி ஒப்பந்தத்தில் நான் தேடிக் கிடைக்காத அதே வரி.

நம் சட்டங்கள் என்ன செய்தன? ஒப்பந்தப் பண்ணையத்துக்குத் தனிச்சட்டம் இயற்றிய முதல் மாநிலம் தமிழ்நாடு. 2019இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. சட்டத்தின் பெயரிலேயே கால்நடையும் இருக்கிறது. ஒப்பந்தத்தை அதிகாரியிடம் பதிய வேண்டும், ஒப்பந்த நாளில் பேசிய விலையைக் கொடுக்க வேண்டும் என்பது அதன் மையம். தம்பிக்கு வந்த தாளில் இந்தச் சட்டத்தின் பெயரோ, பதிவு என்ற வார்த்தையோ இல்லை.

மத்திய அரசின் 2020 சட்டம் டெல்லிப் போராட்டத்துக்குப் பிறகு 2021 நவம்பரில் திரும்பப் பெறப்பட்டது. சிவில் நீதிமன்றத்தை அடைத்துவிட்டு சப்-கலெக்டரிடம் போ என்றது தப்பு என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்தச் சட்டத்தை உட்கார்ந்து வாசித்தால் காகிதத்தில் விவசாயி பக்கம் சாய்ந்த பிரிவுகளும் இருந்தன. பணம் தராத நிறுவனத்துக்குத் தர வேண்டிய தொகையில் ஒன்றரை மடங்கு வரை அபராதம். தவறிய விவசாயியிடம் நிறுவனம் செலவழித்ததற்கு மேல் வாங்கக் கூடாது. நிலத்தின் மேல் கை வைக்கக் கூடாது. சிக்கல் எங்கே என்றால், ஒன்றரை மடங்கு என்பது எதற்கு ஒன்றரை மடங்கு? "தர வேண்டிய தொகை" எவ்வளவு என்பதே எடையிலும் தரத்திலும் தொங்குகிறது. அளப்பவன் ஒரு கட்சிக்காரனாக இருந்தால் நிலுவையே இல்லாமல் ஆக்கிவிடலாம். மூன்றாம் நபரை வைத்துத் தரம் பார்க்கலாம் என்ற ஏற்பாடு அதில் இருந்தது. அதைக் கட்டாயமாக்கியிருக்க வேண்டும். ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் விலையைப் பற்றிப் பேசிய அளவுக்குத் தராசைப் பற்றிப் பேசவில்லை.

விலை உறுதி மட்டும் போதாது என்பதற்கு எங்கள் பக்கமே சாட்சி இருக்கிறது. குருங்குளம் ஆலைக்கும் குரும்பூர் ஆலைக்கும் கரும்பு போட்டவர்களைக் கேளுங்கள். 1966 கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கரும்பு கொடுத்த 14 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. விலையையும் அரசே நிர்ணயிக்கிறது. அப்படியும் நாட்டில் கரும்பு நிலுவை என்பது வருடாவருடம் வருகிற செய்தி. வட்டியை யாராவது கேட்டு வாங்க வேண்டும்; அடுத்த வருடம் வெட்டு உத்தரவு அதே ஆலையிடம்தான் கேட்க வேண்டும். வெட்டு தள்ளிப்போனால் கரும்பு காய்ந்து எடை போய்விடும். யார் கேட்பார்கள்?

நிறுவனத்தின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். விதையும் உரமும் கடனாகக் கொடுத்து, அறுப்பு நேரத்தில் சந்தை விலை ஏறினால் விளைச்சல் வேறு வண்டியில் ஏறிவிடுகிறது. இது பொய்யான பயம் இல்லை. காய்கறி ஒப்பந்தங்கள் பலவும் இதில்தான் முறிகின்றன. கோழியில் கடைசிவரை கோழி நிறுவனத்துடையது என்பதால் அந்தப் பயம் பெருமளவு தீர்ந்துவிட்டது. அப்படியானால், தன் பயத்தை இவ்வளவு கச்சிதமாகத் தீர்க்கத் தெரிந்தவர்கள் எதிராளியின் பயத்தையும் ஒரு பக்கத்தில் தீர்த்திருக்கலாமே. திறமை இல்லாமல் விட்டது இல்லை இது.

தம்பியிடம் மூன்று திருத்தம் கேட்கச் சொன்னேன். வருடத்துக்குக் குறைந்தது ஐந்து பேட்ச், குறைந்தால் காலி ஷெட்டுக்கு ஒரு தொகை. மூட்டையையும் கோழியையும் பண்ணையிலேயே, இரண்டு பேர் முன்னால் எடை. குறித்த நாளுக்கு மேல் கோழி நின்றால் அந்த நாட்களின் தீவனம் எஃப்.சி.ஆரில் சேராது. "ஹெட் ஆபீஸ் ஃபார்மேட் சார், மாத்த முடியாது" என்றார்களாம். மூட்டை எடை போட்டுக்கொள்ளலாம் என்று மட்டும் வாயால் சொன்னார்கள். எழுதித் தரவில்லை.

அப்புறம் ஒரு வேலை செய்தோம். ஏற்கெனவே கோழி வளர்க்கிற ஒருவரிடம் போய் அவர் நோட்டைக் கேட்டோம். மனிதர் தேதி வாரியாக எழுதி வைத்திருந்தார். போன வருடம் அவர் ஷெட்டில் இறங்கியது நாலு பேட்ச். ஆறு இல்லை. நாலு என்று போட்டுத் தம்பியின் கடன் தவணையைக் கணக்குப் பார்த்தால், கரண்ட் பில்லும் கூலியும் போக, தவணைக்கே இழுத்துப் பறிக்க வேண்டியிருக்கும்.

"போடாதடா" என்றேன். கொஞ்ச நேரம் போனில் சத்தமில்லை. "அண்ணே, கஜாவுக்கு அப்புறம் வச்ச கன்னு இப்பத்தான் பாளை விடுது. போடலேன்னா வேற என்ன செய்றதுன்னு சொல்லுங்க" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒப்பந்தம் மோசமா என்று மட்டும்தான் நான் பார்த்தேன். அவன் அதையும், ஒப்பந்தமே இல்லாமல் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறான். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இந்த மாதக் கடைசிவரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு அந்த மூன்று திருத்தங்களையும் தமிழில் எழுதி, எல்லாரும் ஒரே தாளாகக் கேட்கலாம் என்று இருக்கிறோம். ஒருத்தன் கேட்டால் ஃபார்மேட் மாறாது. ஐந்து ஷெட் சேர்ந்து கேட்டால் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.