தெருவுக்கு வந்த வகுப்பு

கொரோனாவால் ஒன்றரை ஆண்டுக்கு மேல் தொடக்கப் பள்ளிகள் மூடிக் கிடந்தன. கைபேசி இருந்த வீட்டுப் பிள்ளை ஏதோ கொஞ்சம் படித்தது; இல்லாத வீட்டுப் பிள்ளை கூட்டலையே மறந்தது. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் தமிழக அரசு 2021 அக்டோபரில் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் நடுவே, வீட்டருகிலேயே ஒன்று, ஒன்றரை மணி நேர வகுப்பு. தன்னார்வலர் ஒருவருக்கு இருபது பிள்ளைகள்.

பலன் இருந்தது. கிராமப்புறத் தமிழகத்தில் சுமார் 19,000 குழந்தைகளை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியலாளர்கள், பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டதாகவும், அந்த மீட்சியில் ஏறத்தாழக் கால் பங்கு இத்திட்டத்தால் வந்ததாகவும் கணக்கிட்டார்கள். ஏழைப் பிள்ளைகள்தான் அதிகம் மீண்டார்கள்.

காரணம், பாடம் எடுத்த அக்கா அதே தெருக்காரர் என்பதுதான் என்று நினைக்கிறேன். மூன்றாம் வகுப்புச் சிறுமி தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து நின்றால் அவர் காரணம் கேட்பதில்லை. நூறு நாள் வேலைக்குப் போன அம்மா இன்னும் வீடு திரும்பவில்லை என்பது அவருக்குத் தெரியும். தம்பி கையிலும் ஒரு சாக்பீஸைக் கொடுத்து உட்கார வைத்துவிடுவார். பள்ளியிலோ அதே சிறுமி 'அடிக்கடி லீவு போடுகிற பிள்ளை'. சொல்லித்தர ஆளில்லாத வீட்டுக்கு வீட்டுப்பாடம் கொடுத்தனுப்பி, மறுநாள் முட்டி போட வைக்கிற நம் வழக்கத்துக்கு இது எவ்வளவோ மேல்.

ஆனால் அக்காவுக்குத் தெரிந்தது வகுப்பாசிரியரிடம் போய்ச் சேருவது அபூர்வம். சேர்ந்தாலும் நல்லதே நடக்கும் என்று சொல்ல முடியாது. "அப்பன் குடிகாரன், வீடு சரியில்லை, இவன் எங்கே தேறப்போறான்" என்று ஆசிரியர் அறையில் பேசி முடிப்பதும் இதே தகவலை வைத்துத்தானே! பிள்ளையின் வீட்டைத் தெரிந்துகொண்டவர் பாடம் நடத்தும் நேரத்தையும் விதத்தையும் மாற்றலாம். பிள்ளைக்கு இவ்வளவு போதும் என்று அளவைக் குறைத்தால், தெரியாமல் இருந்ததே மேல்.

தெருவில் நடக்கும் வகுப்புக்குத் தெருவின் சாதியும் உண்டு. ஊரும் காலனியும் பிரிந்தே கிடக்கும் கிராமத்தில், வீட்டருகே மையம் என்றால் பிள்ளைகளும் பிரிந்தே உட்காருவார்கள்; பள்ளியிலாவது ஒரே பெஞ்ச். அறுவடை முடிந்ததும் பெற்றோரோடு செங்கல் சூளைக்குப் போய்விடுகிற பிள்ளைக்கோ தெருவே இல்லை.

இவ்வளவுக்கும் தன்னார்வலருக்குத் தரப்பட்டது மாதம் 1,000 ரூபாய். நாள் கணக்கில் ஐம்பதைத் தாண்டாது. பெரும்பாலும் பெண்கள் என்பதால் சேவை என்று சொல்லிச் சமாளிக்க முடிந்தது. நாலு காசு கூடக் கிடைக்கும் ஜவுளிக்கடை வேலைக்கு அவர் போய்விட்டால், இருபது வீடுகளைப் பற்றி அவர் அறிந்ததும் கூடவே போய்விடும். அவருக்குக் கௌரவமான சம்பளமும், மாதம் ஒருமுறை வகுப்பாசிரியரோடு உட்கார்ந்து பேச ஒரு மணி நேரமும் கொடுத்துப் பார்த்த பிறகுதான் இத்திட்டத்தின் உண்மையான பலத்தை அளக்க முடியும்.