கைக்கு எட்டும் தூரம்

பந்தய சைக்கிளில் ஏறி அமர்ந்தவரின் உடம்பைத் தாங்குகிற ஸ்தானங்கள் பெடல், சீட், ஹேண்டில்பார் என மூன்று. முதல் இரண்டுக்கும் இடையே இருக்கவேண்டிய தூரத்தைக் காலின் நீளத்தையும் முழங்கால் மடங்கும் கோணத்தையும் கொண்டு ஏறக்குறையச் சரியாகவே நிர்ணயித்துவிடலாம். மூன்றாவதை எவ்வளவு தள்ளி வைப்பது என்ற கேள்வி எழும்போதுதான், இடுப்பின் வளைவு, முதுகின் பலம், கழுத்தின் பொறுமை, ஓட்டுகிறவரின் வயது, அவர் போக உத்தேசித்திருக்கும் தூரம் ஆகிய அத்தனையும் ஒன்றாக வந்து குறுக்கிடுகின்றன. இந்தச் சிக்கலுக்கு, ஹேண்டில்பாரை முன் ஃபோர்க்கின் தண்டோடு பிணைக்கிற ஸ்டெம் என்னும் சிறு துண்டைக் கழற்றிவிட்டு வேறு நீளத்தில் ஒன்றைப் பூட்டுவதே பரிகாரம் என்பது நிலைபெற்றுவிட்ட சம்பிரதாயம். ரோட் பைக்குகளில் பெரும்பாலும் காணப்படுவது 90 முதல் 120 மில்லிமீட்டர் வரையிலான ஸ்டெம். கடையில் பத்துப் பத்து மில்லிமீட்டர் வித்தியாசத்தில் கிடைக்கும்.

இந்த வழக்கம் ஆதியிலிருந்தே இவ்வளவு சுலபமாக இருந்ததில்லை. ஃபோர்க் தண்டுக்குள் செருகி இறுக்கப்படும் பழைய குவில் ஸ்டெம்மில், மேலே உள்ள ஒரே ஒரு போல்ட்டைத் தளர்த்தினால் ஹேண்டில்பாரை உயர்த்தவும் தாழ்த்தவும் முடிந்தது. ஆனால் நீளத்தை மாற்றவேண்டுமானால், டேப்பைப் பிரித்து, ஒரு பக்கத்துப் பிரேக் லீவரைக் கழற்றி, வளைந்த கம்பியை ஸ்டெம்மின் கண் வழியாகச் சுழற்றிச் சுழற்றி வெளியே இழுக்கவேண்டும். 1990களில் மரை இல்லாத ஃபோர்க் தண்டும், முன்பக்கம் திறக்கும் மூடியுள்ள ஸ்டெம்மும் பரவியபின் நிலைமை தலைகீழாயிற்று: நீளத்தை மாற்றுவது கால்மணி நேர வேலையாகிவிட, உயரத்தை மாற்றுவதோ, தண்டை எந்த இடத்தில் அறுத்தார்கள் என்பதற்குக் கட்டுப்பட்டதாகிவிட்டது. எது சுலபமோ அதையே மருந்தாகக் கருதுவது மனித சுபாவம். உயரம் தாழ்ந்திருப்பதால் வருகிற கழுத்துவலிக்கும் நீளத்தைக் குறைத்துப் பார்க்கிற பழக்கம் அன்றுமுதல் வேரூன்றியது என்பது என் அபிப்பிராயம்.

அதே காலத்தில், 1990களின் பிற்பகுதியில், மைக் பரோஸ் என்ற ஆங்கிலேய வடிவமைப்பாளர் தைவானின் ஜயண்ட் கம்பெனிக்காக டி.சி.ஆர். என்னும் சைக்கிளை உருவாக்கினார். மேல் குழாயைச் சரிவாக அமைத்து, வழக்கமாக எட்டு ஒன்பது அளவுகளில் செய்யப்பட்டுவந்த ஃபிரேமைச் சிறியது, நடுத்தரம், பெரியது என்று ஆயத்தச் சட்டை விற்பதைப்போல் சுருக்கி, எஞ்சிய வித்தியாசத்தை ஸ்டெம்மும் சீட் போஸ்ட்டும் ஈடுகட்டிக்கொள்ளும் என்று அவர் துணிந்தது பெரிய யுக்திதான். உற்பத்திச் செலவு குறைந்தது. வியாபாரியின் சரக்கறை இலேசாயிற்று. ஆனால் வாங்குகிறவருக்கு இதில் ஒரு நஷ்டமும் உண்டு. தமக்குப் பொருந்தாத ஃபிரேமை, ஸ்டெம்மை மாற்றிச் சமாளித்துக்கொள்ளலாம் என்ற ஒரு வார்த்தையை நம்பி அவர் வீட்டுக்கு எடுத்துச்செல்ல நேரிடுகிறது. 60 மில்லிமீட்டர் ஸ்டெம் போட்டால்தான் கை எட்டுகிறது என்ற நிலை வந்தால், குற்றம் ஸ்டெம்மில் இல்லை. ஃபிரேமே ஒரு அளவு பெரியது.

நீளத்தைத் தேர்ந்தெடுக்கக் கையாளப்படும் கண்மதிப்புச் சூத்திரங்களில் இரண்டு பிரசித்தமானவை. கைகளை ஹேண்டில்பாரில் வைத்துக் கீழே நோக்கினால் முன்சக்கரத்தின் ஹப் கம்பியால் மறைபட வேண்டும் என்பது ஒன்று. தலையைச் சிறிது தூக்கினாலும் தாழ்த்தினாலும் ஹப் தோன்றி மறையும் என்பதோடு, ஃபோர்க்கின் வளைவு 43 மில்லிமீட்டராக இருந்தால் ஒரு விடையும் 50ஆக இருந்தால் வேறு விடையும் தருகிற இந்தச் சோதனை, ஓட்டுகிறவரின் முதுகைப்பற்றி நமக்கு எதுவும் சொல்வதில்லை. முழங்கையைச் சீட்டின் முனையில் ஊன்றிக் கையை நீட்டினால் விரல்நுனி ஹேண்டில்பாரைத் தொடவேண்டும் என்பது மற்றொன்று. பழைய சீட்டுகள் ஏறத்தாழ ஒரே நீளத்தில் இருந்த காலத்தில் இதற்கு ஓரளவு நியாயம் இருந்தது. இப்போது பரவியிருக்கும் குட்டைமூக்குச் சீட்டுகளோ முன்னவற்றைவிடச் சுமார் 30 மில்லிமீட்டர் குறைவு. உட்காருகிற இடம் மாறாதிருக்க முனை மட்டும் பின்னடைவதால், இந்தச் சூத்திரத்தை நம்புகிறவர் மூன்று அளவு குட்டையான ஸ்டெம்மை வாங்கிவிடுவார்! ஆயினும் இவற்றை அறவே தள்ளிவிட நான் சொல்லவில்லை. எங்கேயாவது ஒரு இடத்தில் ஆரம்பிக்கவேண்டும் அல்லவா? ஆரம்பத்துக்கு இவை போதும்.

ஸ்டெம் தனியாக நின்று தூரத்தை நிர்ணயிப்பதுமில்லை. ஃபோர்க் தண்டு பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், 73 டிகிரிச் சாய்வில் 30 மில்லிமீட்டர் வளையங்களை அடியில் சேர்த்து ஹேண்டில்பாரை உயர்த்துகிறபோது, அது ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் நம்மை நோக்கியும் வந்துவிடுகிறது. 6 டிகிரிக் கோணமுள்ள 100 மில்லிமீட்டர் ஸ்டெம்மைத் தலைகீழாகத் திருப்பிப் பூட்டினால் உயரம் 20 மில்லிமீட்டர் கூடி, தூரம் 6 மில்லிமீட்டர் குறையும். ஹேண்டில்பாரின் வளைவே முன்னோக்கி 70 முதல் 100 மில்லிமீட்டர் வரை கம்பிக்குக் கம்பி வேறுபடும். இத்தனையையும் கணக்கில் கொள்ளாமல் ஸ்டெம்மின் எண்ணை மட்டும் சொல்லி, நண்பர் ஒருவருக்கு 110 சரியாக இருந்தது, எனக்கும் அதுவே தகும் என்று முடிவுகட்டுவதில் பொருளில்லை.

குட்டை ஸ்டெம் வண்டியைத் துடிதுடிக்க வைக்கும் என்ற அச்சமும் மிகைப்படுத்தப்பட்டதே. 420 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் முன்வளைவும் உள்ள ஹேண்டில்பாரில் 100க்குப் பதிலாக 80 மில்லிமீட்டர் ஸ்டெம்மைப் பூட்டினால், திருப்பும் அச்சிலிருந்து கைக்குள்ள தூரம் சுமார் 277இலிருந்து 264 மில்லிமீட்டராகிறது. குறைவது நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. முன்சக்கரத்தின்மேல் விழும் பாரமும் கொஞ்சம் குறையும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் எட்டாத கம்பியை விறைத்த முழங்கைகளால் பற்றிக்கொண்டு திருப்பத்தில் இறங்குகிறவரைவிட, எட்டுகிற கம்பியைத் தளர்ந்த கைகளால் பிடித்திருப்பவரே வண்டியை நிதானமாகச் செலுத்துவார்.

உண்மையான சாட்சி உடம்புதான். அதுவும் கடையில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பார்க்கிற உடம்பு அல்ல, இரண்டு மணி நேரம் ஓட்டிக் களைத்த உடம்பு. சில மாதங்கள் ஓடிய ஒரு வண்டியின் வெள்ளை டேப்பைப் பாருங்கள். பிரேக் லீவரின் ரப்பர் உறை புதிது போலிருக்க, அதற்குப் பின்னாலுள்ள வளைவில் மட்டும் அழுக்கும் வியர்வைக் கறையும் கறுத்துப் படிந்திருந்தால், கைகள் ஓயாமல் பின்வாங்கியிருக்கின்றன, தூரம் அதிகம் என்று அர்த்தம். சீட்டின் முனைக்கே நகர்ந்து நகர்ந்து உட்காருவது, சுண்டுவிரல் மரத்துப்போவது ஆகியவையும் பெரும்பாலும் அதையே சொல்லும். நின்று மிதிக்கும்போது முழங்கால் ஹேண்டில்பாரை உரசவந்தாலும், முதுகு கூன்போட்டுக் குவிந்தாலும் தூரம் போதவில்லை. இந்த அறிகுறிகளைச் சீட்டை முன்னே தள்ளிச் சரிசெய்யப் பார்ப்பது, காலுக்கென்று அமைந்த உறவைக் கைக்காகக் கெடுப்பதாகும்.

பழைய ஸ்டெம்களை இரவல் வாங்கி, பத்து மில்லிமீட்டர் கூட்டியும் குறைத்தும், ஒவ்வொன்றிலும் சில நாட்கள் ஓட்டிப் பார்த்து, பிடிக்காவிட்டால் திருப்பிவிடலாம் என்பதே இந்த வழக்கத்தின் தலையாய குணம். இதற்கு நிகரான மலிவான பரீட்சை சைக்கிள் சாஸ்திரத்தில் வேறில்லை. ஹேண்டில்பாரும் ஸ்டெம்மும் ஒரே கார்பன் வார்ப்பாகவும், பிரேக் குழாய்கள் அதற்குள்ளேயே ஓடும்படியும் வரும் இன்றைய விலையுயர்ந்த வண்டிகள் பறித்துக்கொள்வது இந்தக் குணத்தைத்தான். அவற்றில் பத்து மில்லிமீட்டர் மாற்றவேண்டுமானால் முழுத் துண்டையும் புதிதாக வாங்கவேண்டும். பலவற்றில் குழாயைக் கழற்றி, எண்ணெய் நிரப்பிக் காற்றையும் வெளியேற்றவேண்டும். காற்றைக் கிழிப்பதில் கிடைக்கிற சொற்ப லாபம் பந்தயம் ஓடுகிறவருக்குப் பிரயோஜனப்படலாம். மற்றவர்கள் அத்தகைய வண்டியை வாங்கத்தான் போகிறார்கள் என்றால், தங்கள் நீளத்தைச் சாதாரண ஸ்டெம் ஒன்றில் முன்னதாகவே பரீட்சித்து முடித்துக்கொண்டு, அந்த அளவில் வார்ப்பைத் தரும்படி பணம் கட்டுவதற்கு முன்பே கடைக்காரரிடம் கேட்கவேண்டும்.