ரீஸ்டார்ட் அழிக்கும் கடைசி வரிகள்

பெங்களூரு காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டில் ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினி ஒன்று இரவும் பகலும் ஓடுகிறது. குடும்பப் படங்களைச் சேமிப்பதும் வீட்டு இணையத்தில் விளம்பரங்களைத் தடுப்பதும் அதன் வேலை. கெர்னல் பேனிக் (இயங்குதளத்தின் மைய நிரல் மீள முடியாமல் நின்றுபோவது) வந்து அது அடிக்கடி உறைந்துபோன நாட்களில், விவரம் தெரிந்த யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "வாட்ச்டாக் போட்டுடு, தானா ரீஸ்டார்ட் ஆயிடும்."

இந்த வழக்கத்தின் பயன் சிறியதல்ல. லினக்ஸ் கெர்னல் பேனிக் ஆனால், நாம் எதையும் மாற்றாதவரை, அப்படியே நின்றுவிடும். யாராவது போய் கரண்டை நிறுத்திப் போட வேண்டும். பேனிக் அமைப்பில் 10 என்று எழுதிவைத்தால் பத்து விநாடியில் தானே எழுந்துகொள்ளும். சத்தமே இல்லாமல் உறைந்தால் சிப்பில் இருக்கும் வாட்ச்டாக் என்ற கண்காணிப்புக் கடிகாரம் எழுப்பும். பதில் வராமல் அது காத்திருக்கும் அதிகபட்சக் கெடு 15 விநாடி. ஒரு கடையின் பில்லிங் இப்படியொரு கணினியை நம்பி ஓடுகிறதென்றால் இந்த ஏற்பாடு கட்டாயம் வேண்டும்.

கெடுதல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது. பேனிக் நேரத்தில் கெர்னல் சொல்லும் கடைசி வரிகள் பெரும்பாலும் எஸ்டி கார்டுக்குப் போய்ச் சேருவதில்லை. ரீஸ்டார்ட் ஆனதும் நினைவகத்தோடு அவையும் போய்விடும். கையில் தடயம் இல்லாதவர் ஊகத்தில் கார்டை மாற்றுகிறார், எல்லாவற்றையும் புதிதாக இன்ஸ்டால் செய்கிறார். கோளாறு திரும்ப வருகிறது. அந்த வரிகளோ நிறையச் சொல்லக்கூடியவை. ஒவ்வொரு முறையும் ஒரே ஃபங்ஷனில் விழுந்தால் டிரைவரைச் சந்தேகிக்கலாம். விழும் இடம் மாறிக்கொண்டே இருந்தால் மின்சாரத்தையோ ராமையோ பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் நடந்தது இரண்டாவது வகை. யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும்போது, மெல்லிய கேபிள் போட்ட போன் சார்ஜரால் ஈடுகொடுக்க முடியவில்லை. மின்னழுத்தம் ஏறக்குறைய 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் பை அதைக் குறித்துவைக்கும். ஆனால் அந்தக் குறிப்பும் ரீஸ்டார்ட்டில் அழிந்துவிடும். 5.1 வோல்ட், 3 ஆம்பியர் தரும் அடாப்டர் போட்ட பிறகு பேனிக் வரவில்லை.

1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலமும் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது. கலத்தைக் காப்பாற்றியது வாட்ச்டாக்தான். காரணத்தைக் கண்டுபிடித்ததோ, பூமியில் இருந்த அதன் நகல் கருவியை ஒவ்வொரு அசைவையும் பதிவு செய்தபடி ஓடவிட்ட பொறியாளர்கள். முன்னுரிமை குறைந்த ஒரு வேலை பூட்டைப் பிடித்துக்கொண்டு, முக்கியமான வேலையைக் காக்கவைத்திருந்தது அந்தப் பதிவில் தெரிந்தது.

ஆகவே வாட்ச்டாக் வேண்டாம் என்பதல்ல என் வாதம். அதற்கு முன் நெட்கன்சோல் வேண்டும். கெர்னல் சொல்லும் ஒவ்வொரு வரியையும் அது யூடிபி வழியாக உடனுக்குடன் இன்னொரு கணினிக்கு அனுப்பிவிடும். அதற்கும் குறை உண்டு: வைஃபையில் பெரும்பாலும் வேலை செய்யாது, நெட்வொர்க் டிரைவரே விழுந்தால் ஊமையாகிவிடும். அந்த நிலையில் சீரியல் கேபிள்தான் வழி. எஸ்.பி. ரோட்டில் வாங்கும்போது 3.3 வோல்ட் கேபிளா என்று கேட்டு வாங்குங்கள். 5 வோல்ட் சிக்னல் பையின் பின்களைக் கெடுத்துவிடும்.