இயந்திரம் உண்டு, வழி உண்டா?

சேலம், நாமக்கல் சாலைகளில் பயணம் செய்யும் வாசகர்கள் போர்வெல் லாரிகளைக் கண்டிருப்பீர்கள். ஒன்றில் துளையிடும் ரிக், மற்றொன்றில் காற்றழுத்தும் கம்ப்ரசர் என இரண்டு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். திருச்செங்கோட்டைத் தாயகமாகக் கொண்ட இவ்வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களில் பாறையைத் துளைத்து நீர் காண்கின்றன. 2023 நவம்பரில் உத்தரகாண்டின் சில்க்யாரா சுரங்கம் இடிந்து 41 தொழிலாளர்கள் உள்ளே அகப்பட்டபோது, மீட்புப் பணியில் திருச்செங்கோட்டு இயந்திரமும் ஈடுபட்டது. நமக்குப் பெருமைதான்.

ஆனால் விபத்து நேரும்போதெல்லாம் நாம் எழுப்பும் கேள்வி ஒன்றே ஒன்று: "இயந்திரம் ஏன் இன்னும் வரவில்லை?" இக்கேள்வி பாதிக் கேள்வி என்பதே என் குறை. மீதிப் பாதி இது: "வரும் வழி அந்த இயந்திரத்தைத் தாங்குமா?"

சில்க்யாராவையே எடுத்துக்கொள்வோம். நவம்பர் 12 அன்று சுரங்கம் இடிந்தது. பக்கவாட்டில் துளையிடும், ஏறத்தாழ 25 டன் எடையுள்ள இயந்திரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து விமானப்படை கொண்டுவந்து சேர்த்தது. மலையுச்சியிலிருந்து கீழ்நோக்கித் துளையிடும் பணியோ வேறு வகை. உச்சிக்குச் சாலையே இல்லை. எல்லைச் சாலைகள் அமைப்பு ஒரு கிலோமீட்டருக்கு மேல் புதுவழி வெட்ட வேண்டியிருந்தது. துளையிடுதல் தொடங்கியபோது நாள் நவம்பர் 26. இயந்திரம் நாட்டில் இருந்தது. அது நிற்க வேண்டிய இடத்துக்கு வழி இல்லை. இறுதியில், பக்கவாட்டுத் துளையின் கடைசிச் சில மீட்டர்களை மனிதர் கையால் தோண்டி, 28ஆம் நாள் 41 பேரையும் மீட்டனர்.

"அவசர காலத்தில் விதிகளைத் தளர்த்தினால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். பர்மிட்டையும் சுங்கக் கட்டணத்தையும் தளர்த்தலாம். பாலத்தின் வலிமையை எந்த உத்தரவும் கூட்டாது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சாலைகள் மீது லாரிகளை ஓயாது ஓட்டி ஒரு பெருஞ்சோதனை நடத்தினார்கள். சாலைக்கு நேரும் சேதம், அச்சின் மீதுள்ள சுமையின் நான்காம் அடுக்கை ஒட்டி உயர்கிறது என்பது அதில் தெரிய வந்தது. அச்சுச் சுமை இரு மடங்கானால் சேதம் இரு மடங்காவதில்லை. 2×2×2×2, அதாவது 16 மடங்காகிறது. அதிலும் மழையில் ஊறிய மண் தன் வலுவை இழந்து நிற்கும். கோடையில் லாரியைத் தாங்கிய கிராமச் சாலை, வெள்ளத்தன்று அதே லாரியைத் தாங்கும் என்பதற்கு உறுதியில்லை.

நம் நாட்டில் 2018இல் திருத்திய விதிப்படி இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 18.5 டன் வரையிலும், மூன்று அச்சு லாரியின் எடை 28.5 டன் வரையிலும் இருக்கலாம். இப்போது வயநாட்டை நினைத்துப் பாருங்கள். 2024 ஜூலை 30 அன்று நேர்ந்த நிலச்சரிவில் சூரல்மலைப் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. இராணுவம் இரவு பகலாக உழைத்து, ஆகஸ்ட் 1 அன்று 190 அடி நீளமுள்ள பெய்லி பாலத்தை அமைத்து முடித்தது. அதன் தாங்குதிறன் 24 டன். இரண்டு அச்சு லாரி முழுச் சுமையுடன் கடக்கலாம். மூன்று அச்சு லாரி சுமையைக் குறைத்தே கடக்க வேண்டும். அரிசி லாரியானால் பாதி மூட்டைகளை இறக்கிவிட்டு இரண்டு நடையாகப் போகலாம். ரிக் லாரி என்ன செய்யும்? அதன் சுமையே அதன் இயந்திரம். இறக்கி வைக்க எதுவுமில்லை.

நம் பகுதிக்கு வருவோம். நான்கு வழிச் சாலையில் இடரில்லை. இடர் கடைசி இரண்டு கிலோமீட்டரில்தான். மேட்டூரில் உபரி நீர் பெருமளவு திறக்கப்படும்போது குமாரபாளையம், பள்ளிபாளையம் கரையோரத் தெருக்களில் நீர் புகுகிறது. அங்கே பொக்லைன் போக வேண்டுமானால், வாய்க்கால் மீதுள்ள சிறுபாலம் அதைத் தாங்க வேண்டும். கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பொக்லைனை ஏற்றிவரும் நீண்ட டிரெய்லர் அவற்றில் எப்படித் திரும்பும்? அடிவாரத்தில் இறக்கிவிட்டால், அது சங்கிலிச் சக்கரத்தில் ஊர்ந்து மலையேற எத்தனை மணி நேரம் ஆகும்? இவை மழை வருமுன் கேட்க வேண்டிய கேள்விகள்.

ஆகவே, இயந்திரப் பட்டியலோடு வழிப்பட்டியலும் வேண்டும். ஒவ்வொரு ஊருக்கும் மூன்று எண்கள் போதும்: வழியிலுள்ள மிக வலுக்குறைந்த பாலம் தாங்கும் எடை, மிகத் தாழ்ந்த ரயில்வே கீழ்ப்பாலத்தின் உயரம், மிகக் குறுகிய திருப்பத்தின் அகலம். மாணவர்களே, பிந்திய இரண்டையும் ஆசிரியர் துணையுடன் நீங்களே அளந்து குறிக்கலாம். பாலத்தின் எடைத்திறனை மட்டும் பொறியாளர்தான் கணக்கிட வேண்டும். உங்கள் ஊர்ப் பாலத்தருகே எடை குறித்த பலகை உண்டா என்று இன்று மாலையே சென்று பாருங்கள். இல்லையெனில், அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் பெரியவர்களைக் கொண்டு கேட்கச் செய்யுங்கள்.