முதல் வாடிக்கையாளரைத் தேடும் பணித்தொகுப்பு

அகப்பக்க வடிவமைப்புத் தொழிலில் சான்றிதழைவிடப் பணித்தொகுப்புக்கே மதிப்பு அதிகம். 'போர்ட்ஃபோலியோ இருக்கா?' என்பதுதான் எங்கும் முதல் கேள்வி. வேலை செய்திருந்தால்தான் தொகுப்பு. தொகுப்பு இருந்தால்தான் வேலை. இந்தச் சிக்கலுக்கு வழக்கத்தில் இரண்டு விடைகள் உண்டு. ஒன்று, இல்லாத வாடிக்கையாளரை இருப்பதாக வைத்துக்கொண்டு செய்யும் கற்பனைப் பணி. மற்றது, தெரிந்தவருக்குச் செய்துகொடுக்கும் இலவசப் பணி. மலேசியாவின் கோலசிலாங்கூர் முதல் சபாக் பெர்ணம் வரையிலான வட்டாரத்தில் இவ்விரண்டின் பலமும் பலவீனமும் பெருநகரத்தில் தெரிவதைவிடத் தெளிவாகத் தெரியும்.

ரப்பரும் பின்னர் செம்பனையும் வளர்ந்த தோட்டங்கள், தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்கள், ஆற்றுமுக மீன்பிடி, சுற்றுலா ஆகியவையே இவ்வட்டாரத்தின் பிழைப்பு. இங்குள்ள தமிழர் சிறுதொழில்கள் பெரும்பாலும் உணவு ஏற்பாடு, மணப்பெண் அலங்காரம், கூடார வாடகை, லோரிப் போக்குவரத்து, வீட்டுப் பலகாரம் என்ற அளவில் நிற்பவை. இவற்றுக்குப் புலனமும் (வாட்ஸ்அப்) முகநூலும் போதும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. பல தொழில்களுக்கு அது சரியும்கூட. ஆகவே, இங்கே ஒரு பணித்தொகுப்பு, அகப்பக்கம் எதற்கு என்ற கேள்விக்கும் சேர்த்தே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கற்பனைப் பணியைப் போலி என்று ஒதுக்கிவிட முடியாது. 2003இல் அகப்பக்க வடிவமைப்பாளர் டேவ் ஷே தொடங்கிய 'சிஎஸ்எஸ் ஸென் கார்டன்' தளத்தில் எச்டிஎம்எல் கோப்பு ஒன்றுதான். அதில் கைவைக்காமல் சிஎஸ்எஸ்ஸையும் படங்களையும் மட்டும் மாற்றி, உலகின் பல வடிவமைப்பாளர்கள் வெவ்வேறு தோற்றங்களைப் படைத்தார்கள். பணம் கொடுத்த வாடிக்கையாளர் யாரும் அங்கில்லை. ஆனால் மீற முடியாத கட்டுப்பாடு ஒன்று இருந்தது. திறமையைக் காட்டியது அதுதான். புகழ்பெற்ற காப்பிக் கடையின் தளத்தைப் புதிதாக வரைந்து காட்டும் இன்றைய மாதிரிகளில் இல்லாததும் அதுவே. உள்ளடக்கத்தைத் தேவைக்கேற்பக் கற்பனை செய்துகொள்ளலாம், படங்களை இலவசக் களஞ்சியத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்றால், எந்தப் பக்கமும் அழகாகத்தான் வரும்.

கம்போங் குவாந்தான் மின்மினிப் படகுச் சவாரிக்கு ஒரு மாதிரித் தளம் செய்வதாகக் கொள்ளலாம். சிலாங்கூர் ஆற்றங்கரை பெரெம்பாங் மரங்களில் கூடும் 'தெரோப்டிக்ஸ் தெனெர்' இன மின்மினிகள் ஒன்றுபோல் மின்னி மறைவது புகழ்பெற்ற காட்சி. புதியவர் கை உடனே போவது திரை நிறைக்கும் பளபளப்பான படத்துக்குத்தான். கோலாலம்பூரிலிருந்து பிள்ளைகளோடு புறப்படுபவருக்கு வேண்டியது வேறு: படகு எத்தனை மணிக்கு, மழை பெய்தால் என்ன செய்வார்கள், நிலா வெளிச்சத்தில் மின்மினி சரியாகத் தெரியுமா, கட்டணத்தை எங்கே கட்டுவது. இவை நான்கும் கைப்பேசியின் முதல் திரையிலேயே கிடைத்தால் அந்தக் கற்பனைப் பணி நிஜப் பணிக்கு நிகர். அது கற்பனை என்ற குறிப்பையும் மறைக்காமல் போட வேண்டும். மறைத்தது பின்னால் தெரியவந்தால் தொகுப்பின் மற்றப் பக்கங்களையும் யாரும் நம்பமாட்டார்கள்.

இலவசப் பணியில் கட்டுப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. கோவில் திருவிழாவுக்கோ தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்துக்கோ தளம் செய்பவரிடம் வந்து சேர்பவை புலனத்தில் சுருங்கி மங்கிய படங்கள், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த அழைப்பிதழ், செயற்குழுவில் ஆளுக்கொரு கருத்து. அந்த அழைப்பிதழை அப்படியே ஒட்டினால் திரையில் தமிழ் தெரியாது, ரோமன் எழுத்துக் குப்பைதான் தெரியும். எழுத்துரு மாற்றியில் போட்டு, விட்டுப்போன ஒற்றுகளைச் சரிபார்த்து ஏற்ற வேண்டும். எந்தப் பயிற்சி வகுப்பும் கொடுக்காத அனுபவம் இது. ஆனால் விலையில்லாத வேலைக்கு எல்லையும் இல்லை. 'இன்னும் ஒரு சின்ன மாற்றம்' என்பது மாதக்கணக்கில் நீளும். நிர்வாகம் மாறினால் களப்பெயரைப் புதுப்பிக்க ஆள் இருக்காது. அடுத்த ஆண்டு தொகுப்பிலுள்ள இணைப்பை அழுத்தினால் வெற்றுப் பக்கம்தான் வரும். சிறு தொகையானாலும் கட்டணம் வைத்து, எத்தனை திருத்தம் என்று முன்கூட்டியே எழுதிக்கொள்வது இருதரப்புக்கும் நல்லது. இலவசம் நல்லெண்ணத்தை வளர்க்கும் என்ற வாதம் கேட்க நன்றாயிருக்கும்; பெரும்பாலும் அது அடுத்த இலவச வேலையைத்தான் கொண்டுவரும்.

இவ்வட்டார இளையருக்கு இயல்பாகக் கைவரக்கூடிய ஒரு பலம், மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் பக்கம் அமைப்பது. தொகுப்புகளில் இதை முன்னிறுத்தத் தயங்குவது விந்தை. 'தெம்பா' என்ற மலாய்ச் சொல்லுக்கு அளந்து செய்த பொத்தானில் 'முன்பதிவு செய்க' அடங்காது. ஆங்கிலத்துக்குப் பொருந்தும் வரி இடைவெளியில் தமிழின் மேல்விசிறியும் கீழ்க்கொக்கியும் முட்டிக்கொள்ளும். இவற்றைத் தீர்த்த ஒரு பக்கம், நகரத்து நிறுவனங்கள் எளிதில் காட்ட முடியாத சான்று.

இங்கே முதல் வாடிக்கையாளர் பெரும்பாலும் தெரிந்தவருக்குத் தெரிந்தவராகவே வருவார். தொகுப்பு அவரை வந்தடைவது புலனத்தில் ஓர் இணைப்பாக, திறப்பது கைப்பேசியில். எனவே பன்னிரண்டு பணிகள் வேண்டாம், மூன்று போதும். ஒவ்வொன்றிலும் சிக்கல் என்ன, எது மாறியது, ஏன் என்று நான்கைந்து வரி வேண்டும். ஆயத்த வார்ப்புருவில் செய்ததானால் அதையும் சொல்லலாம். பலகாரக் கடைக்காரருக்கு அது குறையே அல்ல. அவர் சோதிப்பது புலனப் பொத்தானைத்தான். 012 என்று தொடங்கும் எண்ணைப் புலன இணைப்பில் 6012 என்று கொடுக்காவிட்டால் அழுத்தியும் உரையாடல் திறக்காது.

வேலை உறுதியானபின் வருவது உரிமை. களப்பெயரையும் தள வழங்கிக் கணக்கையும் வாடிக்கையாளர் பெயரிலேயே பதிவது முறை. வடிவமைப்பாளர் பெயரில் பதிந்து வைத்துக்கொண்டால் ஆள் கைவிட்டுப் போகமாட்டார் என்று நினைப்போர் உண்டு. சிற்றூரில் அந்தச் செய்தி சீக்கிரம் பரவும். தொழிலாகத் தொடர்ந்து செய்பவர் தொடங்கிய 30 நாளுக்குள் மலேசிய நிறுவனங்கள் ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதிய வேண்டும். வணிகப் பெயருக்கு ஆண்டுக்கு 60 வெள்ளி, சொந்தப் பெயருக்கு 30. முடித்த பணியைத் தொகுப்பில் காட்டும் அனுமதியைக் கட்டணம் பேசும்போதே கேட்டு வாங்கலாம். ஒப்படைக்கும் நாளன்று முழுப்பக்கப் படமும் எடுத்துவைக்க வேண்டும், ஏனெனில் உரிமையாளர் பின்னால் தளத்தை மாற்றலாம், மூடியும் விடலாம்.