ஒட்டும் எதிர்ப்பொருளும் தடுக்கும் எதிர்ப்பொருளும்

சுவாச வைரஸ்களுக்கு எதிராக ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருள்களை அளக்க, ஆய்வகங்கள் இப்போது பெரிதும் நாடுவது நுண்மணிச் சோதனை. ஒவ்வொரு மணிக்கும் தனிச் சாயம். அதன் மேல் ஒரு வைரஸின் புரதம். சீரத்தைச் சேர்த்ததும் எந்த மணியில் எவ்வளவு எதிர்ப்பொருள் பற்றியிருக்கிறது என்று லேசர் ஒளி சொல்லிவிடும். ஃப்ளூ, ஆர்.எஸ்.வி., பாராஇன்ஃப்ளூயன்சா, கொரோனா என அத்தனைக்கும் ஒரே குழியில் விடை கிடைக்கிறது. ஹார்வர்டில் 2015-ல் வெளிவந்த வைர்ஸ்கேன் முறை இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு துளிக்கும் குறைவான ரத்தத்தில் மனிதரைத் தாக்கும் அறியப்பட்ட வைரஸ்கள் ஏறக்குறைய அனைத்தையும் தேடிப் பார்த்தது.

இதன் வசதிகளை மறுப்பதற்கில்லை. கைக்குழந்தையிடமிருந்து எடுக்கும் சிறிதளவு ரத்தமே போதும். உயிருள்ள வைரஸை வளர்க்க வேண்டாம். அதற்கான உயர்பாதுகாப்புக் கூடமும் வேண்டாம். எந்த வைரஸ் எந்த வயதினரிடையே பரவியது என்று அறியும் மக்கள்தொகை ஆய்வுக்கு இதைவிடக் கைக்கு எளிய கருவி இல்லை. சிக்கல், அந்த எண்களை நோய்த்தடுப்பின் அளவாகப் படிக்கத் தொடங்கும்போது எழுகிறது; அப்படிப் படிப்பது இன்று வழக்கமாகவே ஆகிவிட்டது.

நுண்மணி அளப்பது பிணைப்பை மட்டுமே. ஆய்வகம் தேர்ந்தெடுத்த ஒரு புரதத்தில், ஆய்வகம் கொடுத்த வடிவத்தில், எதிர்ப்பொருள் ஒட்டியதா என்பதே அதன் கேள்வி. அந்த எதிர்ப்பொருள் வைரஸைச் செல்லுக்குள் நுழையவிடாமல் தடுக்குமா என்று அது கேட்பதில்லை. வாசலில் நிற்பவரெல்லாம் காவலர் அல்லர்.

இந்த வேறுபாட்டின் விலையை ஆர்.எஸ்.வி. காட்டியது. 1966-67-ல் அமெரிக்காவில், ஃபார்மலினால் செயலிழக்கச் செய்த ஆர்.எஸ்.வி. தடுப்பூசியைக் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். பிறகு இயல்பாகத் தொற்று வந்தபோது, ஓர் ஆய்வில் தொற்றுக்கு ஆளான தடுப்பூசிக் குழந்தைகளில் 80 விழுக்காட்டினர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஒப்பீட்டுக் குழுவில் அது 5 விழுக்காடு. இரண்டு குழந்தைகள் இறந்தன. எதிர்ப்பொருளே உருவாகவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. பின்னாளில், 1986-ல், சேமித்து வைத்திருந்த சீரங்களைச் சோதித்தபோது, வைரஸ் புரதத்தில் பற்றும் எதிர்ப்பொருள்கள் அவற்றில் தாராளமாக இருந்தன. வைரஸை முடக்கும் திறன்தான் மிகக் குறைவாக இருந்தது. பிணைப்பை மட்டும் அளந்திருந்தால் அந்தத் தடுப்பூசி வெற்றி என்றே ஏட்டில் ஏறியிருக்கும்.

காரணம் 2013-ல் தெளிவானது. ஆர்.எஸ்.வி.யின் எஃப் புரதத்துக்கு இரண்டு வடிவங்கள் உண்டு: செல்லோடு இணைவதற்கு முந்தையது, இணைந்த பிந்தையது. மனிதச் சீரத்தில் வைரஸை முடக்கும் எதிர்ப்பொருள்களில் பெரும்பங்கு முந்தைய வடிவத்தைத்தான் பற்றுகிறது. அந்த வடிவமோ எளிதில் உருக்குலைந்து மற்றதாகிவிடும். 2023-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஆர்.எஸ்.வி. தடுப்பூசிகள் முந்தைய வடிவத்தை நிலைப்படுத்தி ஆக்கப்பட்டவை. ஆக, மணியின் மேல் எந்த வடிவம் ஒட்டப்பட்டிருக்கிறது என்று சொல்லாத ஆர்.எஸ்.வி. எண்ணுக்குப் பொருள் ஏறக்குறைய இல்லை. ஆனால் பல அறிக்கைகள் ‘எஃப் புரதம்’ என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. வைர்ஸ்கேனில் இது இன்னும் மோசம்: புரதத்தின் சிறு துண்டுகளையே அது காட்டுகிறது. மடிப்பில் மட்டும் உருவாகும் இலக்குகளும் சர்க்கரைப் பூச்சும் அதன் கண்ணில் படுவதே இல்லை.

ஆதரவாளர்களின் பதில் தயாராகவே இருக்கிறது: பிணைப்பும் முடக்கமும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன, எளியதை அளந்தால் அரியதை ஊகிக்கலாம் என்பார்கள். மாடர்னா கோவிட் தடுப்பூசியின் பெருஞ்சோதனையில் இரண்டு அளவுமே தொற்று அபாயத்தோடு ஒத்துப்போயின என்பது உண்மைதான். அப்போது பரவிய வைரஸ் தடுப்பூசிக்கான வைரஸை ஏறக்குறைய ஒத்திருந்தது. 2021 இறுதியில் ஸ்பைக் புரதத்தில் 30-க்கும் மேற்பட்ட மாற்றங்களோடு ஒமிக்ரான் வந்ததும் அந்த உறவு குலைந்தது. பழைய ஸ்பைக்கை ஒட்டிய மணிகள் உயர்ந்த எண்களையே தொடர்ந்து காட்டின. அதே சீரங்களின் முடக்கும் திறன் பல மடங்கு சரிந்திருந்தது. புதிய வைரஸ் வரும் நேரத்தில்தான் அளவு மிகவும் தேவைப்படுகிறது. ஊகம் பொய்ப்பதும் அதே நேரத்தில்தான்.

பழைய முறைகளைப் புகழ வேண்டியதில்லை. ஃப்ளூ வைரஸ் கோழிக்கருவின் சிவப்பணுக்களைத் திரளச் செய்வதை ஜார்ஜ் ஹர்ஸ்ட் 1941-ல் கண்டார். சீரம் அந்தத் திரட்சியைத் தடுக்கிறதா என்று பார்க்கும் சோதனை அதிலிருந்து பிறந்தது. ஆய்வகத்துக்கு ஆய்வகம் அதன் விடை மாறும். ஃப்ளூ வைரஸின் நியூராமினிடேஸ் என்ற புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருளை அது முறையாக அளப்பதில்லை. அண்மைக்கால எச்3என்2 வைரஸ்கள் சிவப்பணுக்களைச் சரியாகத் திரட்டுவதுகூட இல்லை. ஆயினும் வைரஸ் தன் பிடியை இழக்கிறதா என்ற ஒரு செயலை அது கேட்கிறது. தன்னார்வலர்களுக்கு வைரஸைச் செலுத்திப் பார்த்த ஆய்வுகளோடு அந்த விடை ஒப்பிடப்பட்டதால்தான், 1:40 என்ற நீர்ப்பளவு சுமார் பாதிப் பாதுகாப்பைக் குறிக்கும் என்று சொல்ல முடிந்தது. நுண்மணித் தொகுப்பிலுள்ள பெரும்பாலான வைரஸ்களுக்கு இத்தகைய ஒப்பீடே நடந்ததில்லை. பற்றும் எதிர்ப்பொருள்கள் வேறு வழிகளில், பிற தடுப்புச் செல்களை அழைத்து, உதவலாம் என்ற வாதமும் இங்கே கைகொடுக்காது; அந்த வேலையையும் மணி அளப்பதில்லை.

தொகுப்பில் வைரஸ்கள் பெருகப் பெருகக் குழப்பமும் பெருகுகிறது. கோவிட் வருவதற்கு முன்பே எடுத்த சில சீரங்கள், குறிப்பாகக் குழந்தைகளுடையவை, புதிய வைரஸின் ஸ்பைக்கில் எஸ்2 பகுதியைப் பற்றின; சாதாரணச் சளிக் கொரோனாக்களின் எச்சமே அது. ஒரு மணி ஒளிர்ந்ததும் அந்த வைரஸ்தான் வந்துபோனது என்று எழுதிவிட முடியாது. சீரத்தில் அளப்பது மூக்கின் சளிப்படலத்திலுள்ள ஐஜிஏ வகை எதிர்ப்பொருளைப் பற்றி அதிகம் சொல்வதுமில்லை.

இன்னொன்று அலகு. நுண்மணியின் நேரடி விடை ஒளிர்வு எண்தான். ஆர்.எஸ்.வி. மணியில் 8,000-மும் ஃப்ளூ மணியில் 4,000-மும் வந்தால், முதல் எதிர்ப்பொருள் இரு மடங்கு இருப்பதாகக் கொள்ள முடியாது. மணியில் ஒட்டிய புரதத்தின் அளவும் வடிவமும் அந்த எண்ணை மாற்றிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2020 டிசம்பரில் கோவிட் எதிர்ப்பொருளுக்குப் பன்னாட்டு ஒப்பளவை ஏற்றபோது, முடக்கும் திறனுக்கு ஓர் அலகும் பிணைப்புக்கு வேறோர் அலகும் வைத்தது. பல வைரஸ்களின் எண்களை ஒரே பட்டியலில் அடுக்கும் அறிக்கைகளில் அந்தப் பிரிவினையை அரிதாகவே பார்க்க முடிகிறது.